ஹேர் பேட்ச்சை விட்டு எஸ்.எம்.பி.க்கு மாறணும்: எதை முதல்ல செய்யறது?

கேட்டவர்: குன்னூர்_மேல்கரை

வணக்கம். மெல்லிசு பி.யு. (பாலியூரிதேன்) பேஸ் ஹேர் பேட்ச் போட்டுட்டு இருக்கேன். சுத்தி டேப், முன்நெத்தியில மட்டும் கம் (பசை). உச்சியும் முன்பக்கமும் முழுச் சொட்டை. பக்கவாட்டுலயும் பிடரியிலயும் முடி அடர்த்தியா இருக்கு, காதோரம் நரை எட்டிப் பாக்குது. டேப் ஒட்டுற ஓரத்துல தோல் கருத்துப்போயி அப்பப்பப் பொடிப் பரு வருது. பேட்ச்சை விட்டுட்டு ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் (எஸ்.எம்.பி., அதாவது ஊசியால தலைத்தோல்ல முடிக்கால் மாதிரி நிறப் புள்ளி வைக்கறது) பண்ணிக்கறதா முடிவு.

பேட்ச்சைக் கழட்டி எவ்வளவு நாள் கழிச்சு முதல் செஷன் வைக்கலாம்? செஷனுக்கு நடுவுல பேட்ச்சை ஒட்டிட்டு வேலைக்குப் போகலாமா? பேட்ச்ல இப்ப இருக்கிற அதே ஹேர்லைனையே போடச் சொல்லலாமா? அப்புறம் நம்ம ஊர்க் குளிரு, குல்லா, வெயில் இதெல்லாம் எவ்வளவு பாதிக்கும்? கிளினிக் கோவையில இருக்கு, ஏறி இறங்கித்தான் போகணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: ஊசிமுனை

முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும். எஸ்.எம்.பி. முடி தராது, மொட்டை அடிச்சு ரெண்டு நாள் ஆன தலைத் தோற்றத்தைத் தரும். பேட்ச்ல நீளமா முடி வச்சு வகிடு எடுத்துப் பழகினவங்க இதுல ஏமாந்துபோறது சகஜம். அதனால ஊசிக்கு முன்னாடி பேட்ச்சைக் கழட்டி, பக்கத்து முடியையும் பிடரியையும் கார்டு போடாத டிரிம்மர்ல ஒட்ட எடுத்துட்டு ரெண்டு மூணு வாரம் அப்படியே நடமாடுங்க. அந்தத் தலையோட வெளிய போக மனசு ஒப்பலைன்னா எஸ்.எம்.பி.யும் உங்களுக்கு ஒப்பாது. அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே அது தெரிஞ்சுடும்.

அந்த ரெண்டு மூணு வாரம் தோலுக்கும் வேணும். பேட்ச் போட்ட தலையில மூணு கோளாறு இருக்கும்.

கம் மிச்சம். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மயிர்க்கால் வாயில அடைச்சுட்டு நிக்கும். அதுமேல ஊசி போனா இழுபடும், புள்ளி ஒண்ணு ஏறும், பக்கத்துல இருக்கிறது ஏறாது. ரிமூவரை ஓரத்துல விட்டு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, பேஸ் தானா நழுவற மாதிரி தூக்குங்க. பிச்சு எடுத்தா மேல்தோலும் கூடவே வரும். மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சால ஒத்தி எடுத்துட்டு மைல்டு ஷாம்பூ. தேங்காய் எண்ணெயும் கம்மை இளக்கும், ஆனா அந்தப் பிசுக்கு போற வரைக்கும் ரெண்டு தடவை ஷாம்பூ போடணும். சுத்தமா போச்சான்னு பார்க்க, காய்ஞ்ச தலையில ஒரு துண்டு பஞ்சை அழுத்தி எடுங்க. நார் ஒட்டிக்கிச்சுன்னா கம் இன்னும் இருக்கு.

அடுத்தது பருவும் ஓரக் கருப்பும். பரு முழுசா அடங்கணும். கருப்பு மறையப் பல மாசம் ஆகும், அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனா பிக்மென்ட் கலர் பார்க்கறவர் அந்தக் கருத்த பட்டையை வச்சுக் கலர் முடிவு பண்ணக் கூடாது.

மூணாவதை நிறையப் பேர் கவனிக்கறதே இல்லை. பேட்ச்சுக்கு அடியில வெயில் படாத தோல் வெளுத்து இருக்கும், நெத்தியும் கன்னமும் கருத்து இருக்கும். கழட்டின வாரத்துலேயே புள்ளி போட்டா, வெளுத்த தோல்ல எடுப்பாத் தெரியுதேன்னு ரொம்ப மெலிசான கலரை எடுப்பாங்க. ரெண்டு மாசத்துல தோல் தன் நிறத்துக்கு வந்ததும் புள்ளி காணாமப் போயிடும். காலை வெயில் கொஞ்சம் கொஞ்சமாப் பட்டு நெத்தியும் உச்சியும் ஒரே நிறத்துக்கு வரணும். அதனால முதல்ல சொன்ன ரெண்டு மூணு வாரம் போதாது, முதல் செஷனுக்கு முன்னாடி குறைஞ்சது நாலு வாரம்னு வைங்க.

நடுவுல பேட்ச் ஒட்டலாமான்னா, கூடாது. புதுப் புள்ளி மேல டேப் ஒட்டினா பொருக்கோட சேர்ந்து நிறமும் வரும், ரிமூவர் பட்டா எரியும், மூடின ஈரத்துல சீழ் பிடிக்கும். கிளிப் பேட்ச்னாலும் இதேதான். கிளிப் கடிச்ச இடத்துல பக்கத்து முடி வேரோட போயிருக்கும். மொட்டை அடிச்சதும் அந்த இடம் தனித் திட்டாத் தெரியும், அதையும் எஸ்.எம்.பி. பரப்புல சேர்க்கச் சொல்லுங்க.

முழுச் சொட்டைக்குப் பெரும்பாலும் மூணு செஷன், ஒவ்வொண்ணும் மூணு முதல் அஞ்சு மணி நேரம். முதல் தடவை இடைவெளி விட்டு மெலிசாப் புள்ளி, ரெண்டாவதுல அடர்த்தி, மூணாவதுல ஹேர்லைனும் பக்கத்து முடியோட கலக்கற வேலையும். நம்ம மாதிரி மாநிறம், கருப்புத் தோலுக்கு ரெண்டு செஷனுக்கு நடுவுல ரெண்டு மூணு வாரம் விடணும். புண் ஆறும்போது புள்ளியைச் சுத்தித் தோலே கொஞ்சம் கருக்கும். அது அடங்காம அடுத்த செஷன் போட்டா அடர்த்தியைத் தப்பாக் கணிப்பாங்க. "வெளியூர்லேர்ந்து வர்றீங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

பதில் 2: தோல்_ஓபி

மேல சொன்னதோட மருத்துவப் பக்கம் கொஞ்சம்.

டேப் ஓரத்துல அரிப்பும் நீர்க்கொப்புளமும் இருந்தா அது பரு இல்லை, கம்ல இருக்கிற அக்ரிலேட் ஒவ்வாமையா இருக்கலாம். பொடுகு, பூஞ்சை இருந்தா கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் ரெண்டு தடவை, அஞ்சு நிமிஷம் ஊறவச்சுக் கழுவுங்க. மூணு நாலு வாரத்துல அடங்கலைன்னா ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில ஒரு தடவை தோல் டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் செஷன் தேதி குறிங்க.

சொரியாசிஸ், வெண்புள்ளி, லைக்கன் பிளானஸ் இருக்கிறவங்களுக்கு ஊசி பட்ட இடத்துலேயே நோய் புதுசாக் கிளம்பலாம். தழும்பு தடிச்சு வளர்ற உடம்புக்காரங்க தவிர்க்கறது நல்லது. புழுவெட்டுன்னா ஒரு வருஷமாவது புது வட்டம் விழாம இருக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க தானா நிறுத்தாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்க. சர்க்கரை கட்டுல இல்லைன்னா தள்ளிப்போடுங்க. பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிட்டிருந்தா நிறுத்தி ஆறு மாசம்னு வழக்கமாச் சொல்வாங்க. முடி வளர மினாக்ஸிடில் போடறவங்க ஒரு வாரம் முன்னாடி நிறுத்தி, தோல் ஆறின பிறகு ஆரம்பிக்கலாம்.

மரப்புக் களிம்பை நீங்களா வாங்கித் தலை முழுக்க அப்பி, பிளாஸ்டிக் கவர் கட்டிட்டுப் பஸ் ஏறாதீங்க. அவ்வளவு பரப்புல மூடி வச்சா மருந்து ரத்தத்துல ஏறி இதயத்துடிப்பையே பாதிக்கலாம். அங்க போய், அவங்க அளவு பார்த்துப் போடட்டும்.

ஊசி கார்ட்ரிட்ஜ் கண் முன்னாடி பிரிக்கணும். பிக்மென்ட்டை மெலிசாக்க ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூல் (சீல் வச்ச சின்னக் குப்பி)தான் உடைக்கணும். குழாய்த் தண்ணியோ கேன் தண்ணியோ கலந்தா, சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு லேசுல அடங்காத மைக்கோபாக்டீரியா தொற்று வரலாம், பச்சை குத்தற இடங்கள்ல நடந்திருக்கிற விஷயம் இது. முன்கூட்டியே காது பின்னால பத்துப் புள்ளி வச்சுப் பாருங்க. சீக்கிரம் வர்ற ஒவ்வாமை சில நாள்ல தெரியும், சிலருக்கு ரொம்பத் தாமதமாவும் வரலாம். உண்மையான கலர் நாலு வாரத்துல தெரியும். ரத்த தானம் பண்றவங்க முடிஞ்ச நாள்லேர்ந்து ஒரு வருஷம் கொடுக்க முடியாது.

குன்னூர்_மேல்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ஹேர்லைன் கேள்விக்கும் நரைக்கும் பதில் வரலை. பைக்ல போகலாமா, ஹெல்மெட் போடணுமே? இன்னொண்ணு, திடீர்னு மொட்டையோட போய் நின்னா ஊர் கேக்கும். அதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க!

பதில் 3: கோத்தகிரி_காத்து

ஊர் கேட்டா பழனிக்கு மொட்டைன்னு ஒரே வார்த்தை. கேள்வி அதோட நிக்கும். நிஜமாவே போறீங்கன்னா அங்க சவரக்கத்தி கீறல் சின்னதாவாவது விழும், அதனால மொட்டைக்கும் முதல் செஷனுக்கும் நடுவுல பத்து நாள் விடுங்க. மொட்டைக்கு அப்புறம் பூசற சந்தனம் அன்னிக்குச் சரி. செஷனுக்கு அப்புறம் ஒரு மாசம் சந்தனம், விபூதி, எண்ணெய் எதுவும் தலையில படக்கூடாது.

இப்ப மலை விஷயம். நம்ம ஆளுங்க தலைபாரம், சளின்னா நீலகிரித் தைலத்தையோ விண்டர்கிரீன் எண்ணெயையோ எடுத்து உச்சியில தேய்ச்சுக்குவாங்க. புதுப் புள்ளி மேல அது பட்டா நெருப்பு மாதிரி எரிஞ்சு தோல் சிவந்து உரியும், நிறமும் போகும். செஷன் முடியற வரைக்கும் பாட்டிலை வேற அறையில வைங்க. வீட்டுல பாசமா வந்து தேய்ச்சு விடறவங்களுக்கும் சொல்லி வைங்க.

வெயிலை இங்க யாரும் மதிக்கறதில்லை, குளிருதேன்னு நினைப்பு. ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தை விட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கூட. மெல்லிசு மூடுபனி அதைத் தடுக்காது. முதல் நாலு வாரம் வெளியே போனா தளர்வான தொப்பிதான், ஆறாத தோல் மேல சன்ஸ்கிரீன் வேண்டாம். நாலு வாரம் தாண்டினா எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாம, பளபளக்காத மேட் வகை, தோட்டத்துல நிக்கறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இதை விட்டா புள்ளி சீக்கிரம் வெளுக்கும், நாலு அஞ்சு வருஷத்துல வரவேண்டிய டச்சப் (மங்கின புள்ளியை மறுபடி போடறது) ரெண்டு வருஷத்துலேயே வந்து நிக்கும்.

கம்பளிக் குல்லாவை முதல் வாரம் நேராத் தலையில மாட்டாதீங்க. நார் பொருக்குல சிக்கி இழுக்கும். பழைய பனியன் துணியை நல்லாத் துவைச்சு, வெயில்ல காயவச்சு உள்ள போட்டுட்டு, மேல தளர்வாக் குல்லா. அந்தத் துணியைத் தினம் மாத்தணும். வீட்டுக்குள்ள குல்லா வேண்டாம், தோல் காத்தாடணும்.

அண்டா வெந்நீரைத் தலையோட ஊத்தற பழக்கம் இங்க எல்லாருக்கும் உண்டு. மூணு நாலு நாள் கழுத்துக்குக் கீழ மட்டும் குளியல், அதுவும் ஆவி மூட்டம் போடாம. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி எடுக்கறது. ஒரு வாரம் ஆனதும் மைல்டு ஷாம்பூ. ஏழெட்டு நாள்ல பொருக்கு தானா உதிரும், நகம் வைக்கக் கூடாது. உதிர்ந்ததும் பாதி போயிடுச்சோன்னு தோணும். அதுதான் நிஜக் கலர், பதறி அடுத்த நாளே போன் போடாதீங்க.

மருந்தடிக்கிற கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துலயோ தேயிலை ஃபேக்டரி டிரையர் பக்கத்துலயோ வேலைன்னா ஒரு வாரம் லீவு. வேர்வையும் தூளும் ரெண்டுமே கெடுதல்.

பைக் வேண்டாம். ஹெல்மெட் உள்பஞ்சு உராயும், வேர்க்கும், கழட்டும்போது முன் ஹேர்லைனை அப்படியே வழிச்சுட்டுப் போகும். பத்து நாள் பஸ்ஸோ காரோ. ஹெல்மெட் இல்லாம ஓட்டறதும் பதில் இல்லை. காலை முதல் பஸ்ல இறங்கி, சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஏறுங்க. ஏப்ரல், மே சீசன்ல தேதி வாங்காதீங்க. கல்லாறு, பர்லியாறு மலைப்பாதை நெரிசல்ல புதுப் புள்ளித் தலையோட உக்காந்து வேர்த்து வழியணும். என் கணக்குல பிப்ரவரி நல்லது, மழை இல்லை, ரோடும் காலி.

பதில் 4: ஊசிமுனை

பிப்ரவரியை நான் ஒத்துக்க மாட்டேன். ஜனவரி, பிப்ரவரியில உறைபனிக் காத்து தோலை வரட்டி உரிக்கும், உரிஞ்ச தோல் மேல புள்ளி மங்கலாத் தெரியும், பகல் வெயிலும் பளீர்னு இருக்கும். குன்னூருக்கு ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. மேகம் இருக்கும், பெருமழை அக்டோபருக்கு அப்புறம்தான். கூடலூர்க்காரங்களுக்கு மட்டும் அது ஆகாது, ஜூன்லேர்ந்தே தலை ஈரம் காயாது.

ஹேர்லைன். பேட்ச்ல இருக்கிறது பெரும்பாலும் இருபது வயசு நெத்தி. கீழ இறங்கி, நேர்க்கோடா, ஓரம் கூர்மையா இருக்கும். தொங்கற முடி அதை மறைச்சுடும். மொட்டைத் தலையில மறைக்க ஒண்ணும் இல்லை, அதே கோட்டைப் போட்டா தொப்பி வரைஞ்ச மாதிரி தெரியும். புருவ நடுவுலேர்ந்து ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே ஆரம்பிக்கணும், ரெண்டு ஓரமும் கொஞ்சம் உள்வாங்கணும், முன்வரிசைப் புள்ளி ஒரே கோட்டுல நிக்காம சிதறி இருக்கணும். மார்க்கர்ல வரையச் சொல்லி, மேல் லைட்டுல ஒண்ணு, பகல் வெளிச்சத்துல ஒண்ணுன்னு போட்டோ எடுத்துப் பாருங்க. சந்தேகம் வந்தா ஒரு விரல் மேலே ஏத்துங்க. பின்னாடி கீழ இறக்கறது ஒரு மணி நேர வேலை, போட்டதை மேலே ஏத்தணும்னா லேசர்தான்.

நரை இருந்தா கறுப்பு எடுக்காதீங்க. காதோரம் மொட்டை அடிச்சா தெரியற சாம்பல் நிறத்துக்கு ஒரு படி மெலிசா உச்சியில வைக்கணும். இன்னும் பத்து வருஷத்துல பக்கம் முழுசா நரைக்கும், அப்ப உச்சி மட்டும் கறுப்பா நிக்கக் கூடாது. பக்கத்து முடிக்கு டை அடிச்சு கலரை மேட்ச் பண்ணச் சொல்றது ரொம்பத் தப்பு, காலம் முழுக்க டை அடிச்சுட்டே இருக்கணும்.

ஆழம்தான் வேலையோட உயிர். ஊசி மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கோட மேற்புறத்துலேயே நிக்கணும், இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர். நெத்திப்பொட்டுல தோல் மெலிசு, அங்க கை இன்னும் லேசா இருக்கணும். மேலோட்டமாப் போனா பொருக்கோட உதிரும். ஆழமாப் போனா நிறம் பரவிப் புள்ளி ஊதிப் போகும். கார்பன் கறுப்பு அடியில இருந்தா வெளிச்சம் சிதறி நீலமாத் தெரியும். செஷன் நடக்கும்போது தோல் சிவக்கறது சரி, ரத்தம் முத்து முத்தாத் துளிர்த்துட்டே இருந்தா ஆழம் அதிகம், அங்கேயே நிறுத்தச் சொல்லுங்க. டூரிஸ்ட்டுக்குப் பச்சை குத்தற கடையில, அதே டாட்டூ இங்க்கை வச்சு விலை குறைச்சுப் பண்றேன்னா போகாதீங்க. நல்ல டாட்டூ கைக்காரர்கூட இந்த வேலைக்குத் தனியாப் பழகணும். எடுத்த போட்டோவைக் காட்டினா, வேலை முடிஞ்ச அன்னிக்கு எடுத்ததைப் பார்க்காதீங்க. ஒரு வருஷம் ஆன தலையைக் காட்டச் சொல்லுங்க.

பராமரிப்பு: பக்கத்து முடி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினா உச்சி தட்டையா, வரைஞ்சது வரைஞ்சதாத் தெரியும். அதனால ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டிரிம்மர் இல்லை ஃபாயில் ஷேவர். முதல் ஷேவ் ஒரு வாரம் கழிச்சு. ஆறின பிறகு பிளேடு போட்டாலும் நிறம் போகாது, அது தோலுக்குள்ள இருக்கு. பளபளப்பு ரொம்பக் காட்டிக்கொடுக்கும். சொட்டைத் தலையில எண்ணெய்ப்பசை ஜாஸ்தி, பக்கத்துல முடி வெளிச்சத்தை விழுங்கும், உச்சி மின்னும். காலையில மேட் லோஷன் பட்டாணி அளவு போதும்.

பதில் 5: தேயிலைத்தூள்

வீட்டுக்காரம்மாவுக்கு வகிடு அகலமா இருக்கு, கிளிப் பேட்ச் வைக்கறாங்க. அவங்களுக்கும் ஆகுமா?

பதில் 6: ஊசிமுனை

ஆகும், ஆனா மொட்டை அடிக்காம. முடிக்கு நடுவுல தெரியற தோலைக் கறுக்க வைக்கறதுதான் அங்க வேலை, முடி கொஞ்சமாவது இருக்கணும். தோல் முழுசா வெளியே தெரியற அளவுக்கு முடி போயிருந்தா, நீள முடிக்கு நடுவுல புள்ளி அழுக்குத் திட்டு மாதிரி நிக்கும். முதல்ல கிளிப்பை நிறுத்தச் சொல்லுங்க, இழுவையால போற முடி ஆரம்பத்துல நிறுத்தினா திரும்பி வரும். தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு) பார்த்துட்டுத்தான் ஊசி.

பதில் 7: தோல்_ஓபி

விட்டுப்போனது ரெண்டு. பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தலையில பிக்மென்ட் இருக்குன்னு டெக்னீஷியன்கிட்ட சொல்லணும், அயர்ன் ஆக்ஸைடு கலந்த நிறம் சில சமயம் சூடாகும். அந்த நிறம் நாள்பட செம்மண் கலருக்கும் போகும், அதனால எது கலந்ததுன்னு பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்து வச்சுக்கங்க. போட்டது பிடிக்கலைன்னு அழிக்கப் போனாலும் அந்த லேபிள் தேவைப்படும். கார்பன் நிறத்தை க்யூ ஸ்விட்ச்டு லேசர் பல தடவையில கலைக்கும், அயர்ன் ஆக்ஸைடோ வெள்ளையோ கலந்திருந்தா முதல் அடியில இன்னும் கறுக்கலாம். புள்ளி போட்ட இடத்துக்குப் பக்கத்துல முடி நீக்கற லேசரும் வேண்டாம், அது முடியையும் பிக்மென்ட்டையும் பிரிச்சுப் பார்க்காது, தோல் வெந்துடும்.

குன்னூர்_மேல்கரை:

சரிங்க. ஜூலையில பேட்ச்சைக் கழட்டிட்டு ஆகஸ்ட் கடைசிக்குத் தேதி கேக்கறேன். கிளினிக்ல கேக்க வேண்டியதை எழுதி வச்சுட்டேன்: பிக்மென்ட் லேபிள், ஆம்பியூல், ஒரு வருஷம் ஆன தலை. மூணு செஷனுக்கும் சேர்த்து ஒரே பணமா?

பதில் 8: ஊசிமுனை

இடத்துக்கு இடம் மாறும். சிலர் செஷன் கணக்கு, சிலர் பரப்புக் கணக்கு. மூணு செஷனும், ஒரு வருஷத்துக்குள்ள வர்ற ஒரு டச்சப்பும் உள்ளடக்கம்னு பில்லுல எழுதி வாங்குங்க. முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீங்க, செஷனுக்குச் செஷன் பிரிச்சுக் கொடுங்க. முதல் செஷன் ஆறி மூணாவது வாரம் பார்த்துட்டு ரெண்டாவதுக்குச் சரி சொல்லுங்க.